டிரெய்லரில் எதை நம்பலாம்? வரப்போகும் படங்கள், கேம்கள் – விவாத இழை

ஓரப்பார்வை எழுதியது:

புது டிரெய்லர் வந்த அரை மணி நேரத்தில் "மிரட்டல்", "தெறி" என்று பதிவுகள் குவிகின்றன. மறுநாள் அதே டிரெய்லரைக் கிழித்துத் தொங்கவிட்டு இன்னொரு வரிசை. இரண்டிலுமே டிரெய்லரில் உண்மையில் என்ன காட்டினார்கள் என்ற பேச்சு இல்லை. அதற்காகத்தான் இந்தத் தனி இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சினிமா டிரெய்லரும் கேம் டிரெய்லரும் ஏமாற்றுகிற விதம் வேறு வேறு. சினிமா டிரெய்லரில் வரும் ஷாட்கள் பெரும்பாலும் நிஜமாகவே எடுக்கப்பட்டவை. பொய் இருப்பது அவற்றை அடுக்கிய வரிசையில். ஒருவர் யாரைப் பார்த்துக் கத்துகிறார், இன்னொருவர் எந்த வசனத்துக்குச் சிரிக்கிறார் என்பதையெல்லாம் எடிட்டிங்கில் எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். 2005-இல் ஒருவர் 'தி ஷைனிங்' படத்தின் காட்சிகளை வைத்தே, குடும்பத்தோடு பார்க்கிற இனிமையான நகைச்சுவைப் படம் போல ஒரு டிரெய்லர் வெட்டி, அது இணையம் முழுக்கச் சுற்றியது. ஷாட்கள் அசல்தான். பின்னணிக் குரலும் பாட்டும் மட்டும் வேறு. ரத்தத்தை உறைய வைக்கிற படம் அப்பா–மகன் பாசக்கதை ஆகிவிட்டது.

கேமில் நேர்மாறு. அடுக்கிய வரிசையில் பெரிய சூது இருக்காது. ஆனால் கண்ணால் பார்த்த காட்சியே கேமில் இல்லாமல் போகலாம். 2005-இல் இ3 என்ற பெரிய கேம் கண்காட்சியில் 'கில்சோன் 2' என்று காட்டப்பட்டது முன்கூட்டியே கணினியில் வரைந்து வைத்த அனிமேஷன். பிளேஸ்டேஷன் 3 கன்சோலில் (டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவி) நிஜமாக ஓடுகிற கேம் என்று பலரும் வாய் பிளந்தார்கள். கேம் கைக்கு வந்தது 2009-இல். நல்ல கேம்தான், ஆனால் 2005-இல் காட்டியது அந்தக் கேம் இல்லை.

அதனால் சினிமா டிரெய்லரைப் பார்க்கும்போது "எதை எதோடு ஒட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். கேம் டிரெய்லரைப் பார்க்கும்போது "இது ஓடுகிறதா, ஓடுவது போலக் காட்டுகிறார்களா?" என்று கேட்க வேண்டும். ஒத்துக்கொள்ளாதவர்கள் வாருங்கள். ஸ்பாய்லர் (கதையின் ரகசியத்தை உடைக்கிற விஷயம்) இருந்தால் முதல் வரியிலேயே எச்சரித்துவிடுங்கள்.

இருட்டறை எழுதியது:

எச்சரிக்கை: 'காஸ்ட் அவே', 'டெர்மினேட்டர்' ஸ்பாய்லர்.

ஏமாற்றினால்கூடப் பரவாயில்லை ஐயா. உண்மையை முழுதாகச் சொல்லிவிடுகிறார்களே, அதுதான் என் பிரச்சினை. 2000-இல் வந்த 'காஸ்ட் அவே'. தனித் தீவில் மாட்டிய ஆள் பிழைப்பானா என்பதுதான் படத்தின் பாதி உயிர். அவன் ஊர் திரும்பி வந்து நிற்பதை டிரெய்லரிலேயே போட்டார்கள். 'டெர்மினேட்டர் 2' படத்தில் ஆர்னால்ட் இந்த முறை நல்லவர் என்பதை மறைத்து வைக்கத்தான் முதல் அரை மணி நேரத்தையே கட்டியிருக்கிறார்கள். டிரெய்லர் அதைப் போட்டு உடைத்தது. 2015-இல் 'டெர்மினேட்டர் ஜெனிசிஸ்' வந்தபோதும் அதே கதைதான். தொடரின் நாயகன் ஜான் கானர் யாராக மாறியிருக்கிறார் என்பதுதான் அந்தப் படத்தின் பெரிய திருப்பம். அதைப் போஸ்டரிலும் போட்டார்கள். அதில் தனக்கு உடன்பாடு இல்லை என்று இயக்குநர் ஆலன் டெய்லரே பேட்டியில் சொன்னார்.

நான் டிரெய்லர் பார்ப்பதையே விட்டுவிட்டேன். தியேட்டரில் ஓடினால் தலையைக் குனிந்து போனைப் பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர் முறைப்பார், முறைக்கட்டும்.

சுட்டி எழுதியது:

தியேட்டரில் போன் பார்க்கிற அந்த ஆள் நீங்கள்தானா அண்ணே? தேடிக்கொண்டிருந்தேன்.

மல்லிகா_ர எழுதியது:

இருட்டறை சொல்வதில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. 'காஸ்ட் அவே' டிரெய்லருக்காகத் திட்டு வாங்கியபோது இயக்குநர் ராபர்ட் செமெக்கிஸ் அதை மறைக்கவே இல்லை. என்ன பார்க்கப் போகிறோம் என்பது முழுதாகத் தெரிந்தால்தான் மக்கள் டிக்கெட் வாங்குகிறார்கள், விளம்பர ஆய்வுகள் அதைத்தான் சொல்கின்றன என்பது அவர் வாதம். கேட்கப் பிடிக்காது, ஆனால் நாம் எப்படி என்று யோசியுங்கள். எதுவுமே தெரியாத படத்துக்கு, டைட்டிலை மட்டும் பார்த்துவிட்டு எத்தனை முறை போயிருக்கிறோம்?

அப்புறம் இன்னொன்று. 2011-இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு நடந்தது. முடிவை முன்பே சொல்லிவிட்டுச் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரியாமல் படித்தவர்களைவிடத் தெரிந்து படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று முடிவு வந்தது. திருப்பம் ஒன்றை மட்டும் நம்பி நிற்கிற படம்தான் டிரெய்லரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

இருட்டறை எழுதியது:

சிறுகதை வேறு அம்மா. கையில் கொடுத்துப் படிக்கச் சொன்ன கதைக்கும், நானாக ஒரு வருஷம் ஆசையோடு காத்திருந்து போகிற படத்துக்கும் வித்தியாசம் இல்லையா? அந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான் நான் ரசிக்கிறேன்.

வெட்டுமேசை எழுதியது:

விளம்பர எடிட்டிங்கில்தான் என் பிழைப்பு. உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். ஓரப்பார்வை சொல்வதைப் பெரும்பாலும் ஏற்கிறேன், காரணம்தான் கொஞ்சம் வேறு.

பெரிய படங்களின் டிரெய்லரைப் படத்தின் எடிட்டர் வெட்டுவதில்லை. அதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரே படத்தை இரண்டு மூன்று நிறுவனங்களிடம் கொடுத்துப் போட்டியாக வெட்டச் சொல்லி, தேறியதை எடுத்துக்கொள்வதும் உண்டு. வேலை நடக்கிற நேரத்தில் படம் முடிந்திருக்காது. கிராஃபிக்ஸ் பாதியில் நிற்கும், பின்னணி இசை எழுதியே இருக்க மாட்டார்கள். டிரெய்லரில் கேட்கிற இசைக்கும் படத்தின் இசைக்கும் பல நேரம் சம்பந்தமே இல்லாததற்கு இதுதான் காரணம். டிரெய்லருக்கு என்றே இசை செய்து வைத்திருக்கிற நிறுவனங்களிடம் வாங்கிப் போடுகிறார்கள். 2010-இல் 'இன்செப்ஷன்' டிரெய்லரில் அந்தக் கனத்த பிளிறல் சத்தம் வந்த பிறகு எல்லோரும் அதையே அடித்தார்கள். அதே வருஷம் 'தி சோஷியல் நெட்வொர்க்' டிரெய்லரில் பழைய ராக் பாட்டு ஒன்றைச் சேர்ந்திசைக் குழு மெதுவாகப் பாடியது. அன்று பிடித்த வியாதி, பழைய பாட்டைச் சோகமாக இழுப்பது, இன்னும் விடவில்லை. ஒரு டிரெய்லர் உங்களை அழ வைத்தால் ஒலியை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அழுகை படத்திலிருந்து வந்ததா பாட்டிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும்.

டிரெய்லரில் இருந்த ஷாட் படத்தில் இல்லாமல் போவதற்கும் பாதிக் காரணம் இந்தக் கால இடைவெளிதான். டிரெய்லர் வெளியே போன பிறகும் படத்தை வெட்டிக்கொண்டிருப்பார்கள். 2016-இல் 'ரோக் ஒன்' படத்துக்கு மறுபடப்பிடிப்பே நடந்தது. நாயகி கோபுர மேடையில் போர் விமானத்துக்கு எதிரே நிற்கிற ஷாட்டைப் பார்த்துத்தான் நிறையப் பேர் போனார்கள், படத்தில் அது இல்லை.

வேண்டுமென்றே செய்வதும் உண்டு. 2018 'இன்ஃபினிட்டி வார்' டிரெய்லரில் ஹல்க் மற்றவர்களோடு சேர்ந்து ஓடி வருவார். படத்தில் அந்தச் சண்டையில் ஹல்க்கே கிடையாது. கதையைக் காப்பாற்றச் செய்த பொய் அது. இருட்டறை போன்றவர்கள் இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். 2021-இல் ஸ்பைடர்மேன் படமான 'நோ வே ஹோம்' டிரெய்லரில் சில ஆட்களையே அழித்துவிட்டார்கள். பிரேசிலுக்குப் போன வடிவத்தில் பல்லி மனிதன் யாரும் அடிக்காமலேயே குத்து வாங்கித் தலை திருப்பினான். ரசிகர்கள் அந்த ஒரு நொடியை வைத்தே முழு ரகசியத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதில் உச்சம் 2016 'சூசைட் ஸ்குவாட்'. டிரெய்லர் பிய்த்துக்கொண்டு ஓடியது. டிரெய்லர் வெட்டிய நிறுவனத்தையே கூப்பிட்டு முழுப் படத்தின் ஒரு வடிவத்தையும் ஸ்டுடியோ வெட்டச் சொன்னது என்று 'ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' எழுதியது. படத்தைப் பார்த்தவர்களுக்கு இதைக் கேட்டு ஆச்சரியம் வந்திருக்காது.

சுட்டி எழுதியது:

வெட்டுமேசை அண்ணே, டிரெய்லர் தொடங்கும் முன் அதே டிரெய்லரின் ஐந்து நொடிச் சுருக்கம் ஓடுகிறதே, அது எந்தப் புண்ணியவான் வேலை?

வெட்டுமேசை எழுதியது:

யூடியூபில் விளம்பரத்தைத் தாண்ட ஐந்தாவது நொடியில் பொத்தான் வருகிறது இல்லையா, அதுதான் காரணம். அதற்குள் வெடி, முத்தம், பிரபல முகம் மூன்றையும் காட்டியாக வேண்டும். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போக மாட்டார், அங்கே நிதானமாகத் தொடங்கலாம். போனில் அப்படி முடியாது.

நீளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தியேட்டர் டிரெய்லருக்கு இரண்டரை நிமிஷம் என்பதுதான் பழைய வழக்கம். 2014-இல் தியேட்டர் உரிமையாளர் சங்கம் இரண்டு நிமிஷம் போதும் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கட்டாயம் இல்லை, ஸ்டுடியோக்கள் கேட்டால்தானே. இரண்டரை நிமிஷத்தில் ஒரு கதையை முழுதாகச் சொல்லிவிட முடிகிறது. இருட்டறையின் கோபத்துக்குப் பாதிக் காரணம் அந்தக் கூடுதல் முப்பது நொடி.

பொத்தான்ராசா எழுதியது:

கேம் பக்கத்திலிருந்து வருகிறேன். எச்சரிக்கை: 'மெட்டல் கியர் சாலிட் 2', 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' ஸ்பாய்லர்.

ஓரப்பார்வை, கேம் டிரெய்லரில் வரிசைச் சூது இல்லை என்கிறீர்கள். இருக்கிறது, அதிலும் ராஜாக்கள் இருக்கிறார்கள். 2000 இ3-இல் 'மெட்டல் கியர் சாலிட் 2' டிரெய்லர் வந்தபோது எல்லோரும் பார்த்தது முந்தைய கேமின் நாயகன் ஸ்னேக்கை. 2001-இல் கேமை வாங்கி உட்கார்ந்தால் முதல் பகுதி முடிந்ததும் ரெய்டன் என்ற புது ஆள் கையில் கொடுக்கப்படுகிறார், மிச்சக் கேம் முழுக்க அவர்தான். 2019-இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' டிரெய்லர் கடைசியில், முதல் பாகத்தின் நாயகன் ஜோயல் வந்து நாயகி எல்லியிடம் ஒரு வசனம் பேசுவார். கேமில் அந்த இடத்தில் நிற்பவர் வேறொருவர். ஜோயல் அதற்குள்... சரி, விடுங்கள்.

ஆனால் உங்கள் அடிப்படைக் கேள்வி சரி. ஓடுகிறதா, ஓடுவது போலக் காட்டுகிறார்களா என்று நான் எப்படிப் பார்க்கிறேன் என்றால், முதலில் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று படிப்பேன். "எஞ்சினுக்குள்ளேயே எடுத்தது" என்று போட்டிருந்தால் கேமின் மென்பொருளில் உருவாக்கியது என்று மட்டும்தான் பொருள். யாரோ கன்ட்ரோலரைப் பிடித்து விளையாடினார்கள் என்று பொருள் இல்லை. ஒரு நொடிக் காட்சியை அரை மணி நேரம் கணக்குப் போட்டு வரைந்தாலும் அதுவும் "எஞ்சினுக்குள்" எடுத்ததுதான். "இன்ன கன்சோலில் பதிவு செய்தது" என்றால் கொஞ்சம் மேல். "உருவாக்கத்தில் உள்ளது, மாறக்கூடும்" என்பது எல்லாவற்றிலும் இருக்கும், அதற்கு மதிப்பே இல்லை.

அப்புறம் திரையில் உயிர் அளவு, தோட்டா எண்ணிக்கை, வரைபடம் எல்லாம் தெரிகிறதா என்று பார்ப்பேன். கேமரா கதாபாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் ஒரே இடத்தில் நிற்கிறதா, சினிமா போல அலைகிறதா? குறி பார்க்கும்போது நேராக எதிரியின் நெற்றிக்குப் போய் நிற்கிறதா, மனுஷன் போலக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறதா? கன்ட்ரோலர் பிடித்த எவரும் அவ்வளவு நாசூக்காகக் கேமராவைத் திருப்ப மாட்டார். சந்துக்குள் நுழைந்தவுடன் இடித்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். நாலு நண்பர்கள் சேர்ந்து ஆடுவது போல டிரெய்லரில் பேசுகிற குரல்களைக் கேட்டால் உடனே சந்தேகப்படுங்கள். "நான் வலப்பக்கம் சுற்றி வருகிறேன்" என்று செந்தமிழ்ச் சொற்பொழிவு போல எந்தக் கூட்டாளியும் பேசியதில்லை. என் கூட்டாளிகள் பேசுவதை இங்கே எழுதவும் முடியாது.

அனிமேஷன் டிரெய்லர்களை நான் தனியாக வைத்துவிடுகிறேன். 2011 பிப்ரவரியில் வந்த 'டெட் ஐலண்ட்' டிரெய்லர், காலத்தைப் பின்னோக்கி ஓட்டி ஒரு குடும்பம் அழிவதைக் காட்டியது. கான் விளம்பர விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. கேம் என்ன? கட்டையால் ஜாம்பிகளை அடித்துப் பொருள் சேகரிக்கிற கேம். ஜாலியாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் சோகம் ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்த டிரெய்லர் ஒரு நல்ல குறும்படம். கேமைப் பற்றி அது எனக்கு எதுவும் சொல்லவில்லை.

பிழைதேடி எழுதியது:

கேம் சோதனை வேலை பார்க்கிறவன். பொத்தான்ராசா சொன்ன குறி பார்க்கிற விஷயம் நூற்றுக்கு நூறு சரி. டிரெய்லருக்காக ஆட என்றே கைதேர்ந்த ஆட்களை உட்கார வைத்து, மெதுவாகக் கேமராவைத் திருப்பச் சொல்லிப் பல முறை எடுப்பார்கள். அது ஏமாற்று இல்லை, சாதாரண ஆள் ஆடுகிற காட்சியைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும்.

ஆனால் எல்லாவற்றையும் "பொய்" என்று ஒரே கூடையில் போடாதீர்கள். கேம் பாதி கட்டி முடிவதற்கு முன்பே, ஒரே ஒரு பகுதியை மட்டும் முழு மெருகோடு கட்டிவிடுவார்கள். பத்து நிமிஷ ஆட்டம், அதற்குள் கிராஃபிக்ஸ், ஒலி, எதிரிகள் எல்லாம் முடிந்த நிலையில் இருக்கும். முதலீடு செய்பவருக்கும் குழுவுக்கும் "இதுதான் நம் இலக்கு" என்று காட்ட அது தேவை. சிக்கல், அதையே மேடையில் காட்டும்போதுதான். காலி வரைபடத்தில் ஒரு தெருவுக்கு மட்டும் மொத்த வன்பொருள் சக்தியும் கிடைக்கிறது, அழகாக ஓடும். முழு நகரத்தையும் கட்டிய பிறகு அதே கன்சோலில் ஓட்ட முடியாது, வெளிச்சத்தைக் குறை, புகையைக் குறை என்று கழித்துக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. 2012 இ3-இல் காட்டிய 'வாட்ச் டாக்ஸ்' 2014-இல் வந்தபோது மங்கலாக இருந்ததற்கு இதெல்லாம் சேர்ந்த காரணம். அந்தப் பழைய ஒளி அமைப்புகளின் மிச்சம் கணினி வடிவத்தின் கோப்புகளுக்குள்ளேயே கிடந்தது. ரசிகர்கள் அதைத் தோண்டி எடுத்து இயக்கிக் காட்டினார்கள்.

இலக்கே இல்லாமல் காட்டுவதும் நடந்திருக்கிறது. 2017 இ3-இல் 'ஆன்தம்' காட்டப்பட்டது. 2019-இல் 'கோட்டாக்கு' என்ற கேம் செய்தித் தளத்தின் நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. தாங்கள் என்ன கேம் செய்கிறோம் என்பதே அந்த மேடைக் காட்சியைப் பார்த்துத்தான் குழுவில் பலருக்கு விளங்கியது என்று அதில் எழுதியிருந்தார்கள். படித்தபோது சிரிப்பு வரவில்லை, எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அந்த மாதிரிக் கூட்டங்கள் பழக்கம்.

டிரெய்லரில் எது இல்லை என்பதையும் பாருங்கள். 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பரில் வெளிவருவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கணினி வடிவம் மட்டுமே கிடைத்தது. சொந்தமாகப் பதிவு செய்த காட்சிகளையும் அவர்கள் வெளியிடக்கூடாது என்று நிபந்தனை. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வடிவங்கள் ஓடிய லட்சணம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. சில நாளிலேயே சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது, திரும்பி வர 2021 ஜூன் ஆனது. நீங்கள் வைத்திருக்கிற கன்சோலில் எடுத்த காட்சி வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு வரைக்கும் கண்ணில் படவில்லை என்றால், அதுவே ஒரு தகவல்.

சட்டம்பேசி எழுதியது:

இதெல்லாம் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது என்பதால் நானும் நுழைகிறேன்.

கேமில் இருந்து தொடங்குவோம். 2013-இல் 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' வந்தபோது டிரெய்லரில் காட்டிய தரம் கேமில் இல்லை என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்துக்குப் புகார் போனது. கேமை வெளியிட்ட சேகா நிறுவனம் அதை ஏற்று, இணையத்தில் உள்ள டிரெய்லர்களில் மறுப்புக் குறிப்பு சேர்க்க ஒப்புக்கொண்டது. 2016-இல் 'நோ மேன்ஸ் ஸ்கை' மீது அதே ஆணையம் விசாரித்தது. தவறான விளம்பரம் இல்லை என்று விட்டுவிட்டது. அந்தக் கேமில் கிரகங்களைக் கணினியே உருவாக்குகிறது, ஆளாளுக்குக் கிடைப்பது வேறு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

சினிமாவில் இரண்டு நாட்டு நீதிமன்றங்கள் கிட்டத்தட்ட எதிரெதிராகப் பேசியிருக்கின்றன. 2019-இல் வந்த 'யெஸ்டர்டே' டிரெய்லரில் அனா டி அர்மாஸ் இருந்தார், படத்தில் அவர் காட்சி நீக்கப்பட்டது. அவருக்காகப் படத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். டிரெய்லர் ஒரு கலைப்படைப்பு, பேச்சுரிமையின் முழுப் பாதுகாப்பு அதற்கு உண்டு என்பது ஸ்டுடியோவின் வாதம். 2022 டிசம்பரில் நீதிபதி அதை ஏற்கவில்லை. டிரெய்லர் வணிக நோக்கமுள்ள பேச்சு, பொய் விளம்பரச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்றார். ஆனால் ஒரு கோடும் போட்டார். ஒரு நடிகரோ காட்சியோ படத்தில் இருக்கிறதா இல்லையா என்பது வரைக்கும்தான் இது. டிரெய்லர் தந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்பதற்கெல்லாம் வழக்குப் போட முடியாது.

இந்தியாவில் 'ஃபேன்' படத்தின் விளம்பரத்தில் ஓடிய பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு நுகர்வோர் வழக்குப் போட்டார். மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் அவருக்குச் சாதகமாகச் சொன்னன. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. விளம்பர டிரெய்லர் ஒருதலையானது, பார்ப்பவரோடு ஒப்பந்தம் எதையும் உருவாக்காது என்று தீர்ப்பு.

எனக்கு அமெரிக்க நீதிபதி போட்ட கோடுதான் நியாயமாகப் படுகிறது. இருக்கிறது என்று காட்டிய ஆளை நீக்கினால் கேட்கலாம். "இவ்வளவு மொக்கை என்று சொல்லவே இல்லையே" என்று கேட்க முடியாது.

ஓரப்பார்வை எழுதியது:

பொத்தான்ராசா, ஸ்னேக் உதாரணம் நல்ல அடி. ஆனால் அது விதிவிலக்கு என்றுதான் நினைக்கிறேன். அங்கே ஏமாற்றியவர்கள் கதை சொல்கிறவர்கள், விற்பனைப் பிரிவு இல்லை. இரண்டாவது உதாரணமும் அப்படித்தான்.

ஒரு வகையை விட்டுவிட்டோம்: பெயர்ப்பலகை டீசர். 2018 இ3-இல் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6' என்று மலைகளைக் காட்டி, பெயரைப் போட்டு, முப்பத்தாறு நொடியில் முடித்துவிட்டார்கள். கேம் என்று எதுவும் அதில் இல்லை. 'மெட்ராய்ட் பிரைம் 4' பெயர் மட்டும் 2017-இல் வந்தது, 2019-இல் வேலையை முதலிலிருந்து தொடங்கினார்கள், கேம் வந்தது 2025 டிசம்பரில். 'டெட் ஐலண்ட் 2' டிரெய்லர் 2014, கேம் 2023. வருஷம் போடாத டீசர், பங்குதாரர்களுக்கும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் எழுதிய கடிதம். நமக்கு எழுதியது இல்லை.

புதுவரவு எழுதியது:

வணக்கம், இங்கே முதல் பதிவு. அப்படியென்றால் ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேமின் இரண்டாவது டிரெய்லரை எந்த வகையில் வைப்பது? பார்வைகளைப் பார்த்தால் உலகமே நம்புகிறது.

பொத்தான்ராசா எழுதியது:

வாங்க தம்பி. பார்வைகளைத் தனியாக வையுங்கள். 2023 டிசம்பரில் முதல் டிரெய்லர் முன்கூட்டியே கசிந்து, அவசரமாக வெளியிட்டும் யூடியூபில் ஒரே நாளில் 9 கோடியைத் தாண்டியது. 2025 மே மாதம் வந்த இரண்டாவதுக்கு எல்லாத் தளங்களிலும் சேர்த்து 47.5 கோடி என்றார்கள். எவ்வளவு பேர் ஆவலாக இருக்கிறார்கள் என்று அது காட்டும். கேம் எப்படி இருக்கும் என்று காட்டாது. விரலால் தள்ளும்போது தானாக ஓடியதும் அதில் சேர்த்திதான்.

டிரெய்லரைப் பொறுத்தவரை, பிளேஸ்டேஷன் 5-இல் பதிவு செய்தது, பாதி கேம்ப்ளே (நிஜமாக ஆடுகிற காட்சி), பாதி கட்சீன் (நடுவே வரும் கதைக் காட்சி) என்று அதைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் சொன்னது. ஓடுகிறது என்று நம்புகிறேன். ஆனால் திரையில் வரைபடமும் இல்லை, எந்த எழுத்தும் இல்லை. அதனால் எந்தப் பாதி எது என்று பிரிக்கவே முடியாது. கார் ஓட்டினால் எப்படி இருக்கும், சுட்டால் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி அதில் ஒரு நொடிகூட இல்லை. தேதியும் 2025, அப்புறம் 2026 மே, அப்புறம் 2026 நவம்பர் 19 என்று நகர்ந்தது. அழகைப் பார்த்து ரசியுங்கள், முன்பணம் கட்ட அவசரம் இல்லை.

மல்லிகா_ர எழுதியது:

டிரெய்லர் நமக்கும் ஒரு ஆயுதம் என்பதை யாரும் சொல்லவில்லையே. 2019 ஏப்ரலில் 'சோனிக்' டிரெய்லர் வந்தது. கேமில் வரும் நீல முள்ளெலிக்கு வைத்திருந்த அந்த மனிதப் பற்களைப் பார்த்து உலகமே அலறியது. சில நாளில் உருவத்தை மாற்றுகிறோம் என்று இயக்குநர் அறிவித்தார், வெளியீடு நவம்பரிலிருந்து 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. படம் நன்றாக ஓடியது. டிரெய்லரே விடாமல் இருந்திருந்தால் அந்தப் பற்களோடுதான் தியேட்டருக்கு வந்திருக்கும்.

சுட்டி எழுதியது:

அந்தப் பற்களை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி அக்கா. இன்று இரவு தூக்கம் போச்சு.

நான் கேட்க வந்தது வேறு. இப்போது ஏஐ வைத்து இல்லாத படத்துக்கே டிரெய்லர் செய்கிறார்களே? எங்கள் வீட்டில் ஒருவர் அப்படி ஒரு படத்துக்கு எப்போது டிக்கெட் கிடைக்கும் என்று கேட்கிறார்.

வெட்டுமேசை எழுதியது:

பழைய படங்களின் துண்டுகளோடு ஏஐ காட்சிகளைச் சேர்த்து, தலைப்பில் "கான்செப்ட்" என்று எங்கோ ஓரமாகப் போடுவார்கள், சில நேரம் அதுவும் இருக்காது. 2025 மார்ச்சில் 'டெட்லைன்' பத்திரிகை இதைக் கிளறியது. இப்படிச் செய்த இரண்டு பெரிய சேனல்களின் விளம்பர வருமானத்தை யூடியூப் நிறுத்தியது. வேடிக்கை என்னவென்றால், சில ஸ்டுடியோக்கள் அந்தப் போலிகளை நீக்கச் சொல்லாமல், அதில் வருகிற காசைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தன. வருஷக் கடைசியில் அந்த இரண்டு சேனல்களையும் யூடியூப் மூடியது. மற்றவை இன்னும் ஓடுகின்றன. ஸ்டுடியோவின் சொந்தச் சேனலில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி. நடிகரின் முகத்தை வைத்து முடிவு செய்கிற காலம் போய்விட்டது.

அப்புறம், டிரெய்லரே வேண்டாம் என்கிற இருட்டறைக்கு இரண்டு பழைய டிரெய்லர்களைச் சிபாரிசு செய்கிறேன். கதை எதுவும் கெடாது. 1960 'சைக்கோ'. ஆறு நிமிஷத்துக்கும் மேல் ஹிட்ச்காக் தானே வந்து, வீட்டைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி போலப் பேசிக்கொண்டே போவார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்குவார், ஒரு பெண் அலறுவாள். அவர் படத்தின் குளியலறைக் காட்சியில் வரும் ஜேனட் லீ கூட இல்லை, இன்னொரு நடிகை வேரா மைல்ஸ். இன்னொன்று 1980 'தி ஷைனிங்'. ஒரே ஷாட். மூடிய லிஃப்ட் கதவு, மேலே எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும், அப்புறம் ரத்தம். கதையில் ஒரு வரிகூடச் சொல்லாமல் படத்தின் மனநிலையை முழுதாகக் கொடுக்கிறது. என் மேசைக்கு இப்படி ஒரு வேலை வந்தால் காசு வாங்காமல் செய்வேன். எந்த ஸ்டுடியோவும் ஒப்புக்கொள்ளாது என்பதும் தெரியும்.

இருட்டறை எழுதியது:

'ஷைனிங்' இப்போதுதான் பார்த்தேன். இப்படி வெட்டினால் நான் ஏன் தலையைக் குனியப் போகிறேன்?

கேம் டிரெய்லரை நான் எப்போதும் பார்ப்பேன், அதை யாரும் கேட்கவில்லை. கேமில் கதையைவிடக் கை என்ன செய்யப்போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம், அது முன்பே தெரிந்தால் எதுவும் கெட்டுப்போகாது. பொத்தான்ராசா, "கேம்ப்ளே டிரெய்லர்" என்று பெயர் போட்டிருந்தால் போதுமா?

பொத்தான்ராசா எழுதியது:

போதாது. 'தி டே பிஃபோர்' என்று ஒன்று இருந்தது. கேம்ப்ளே வீடியோக்கள் வரிசையாக வந்தன, ஸ்டீம் என்ற கணினி கேம் இணையக் கடையில் அதிகம் பேர் விருப்பப்பட்டியலில் வைத்த கேம்களில் முதலிடம் வரைக்கும் போனது. பெரிய திறந்த உலகம், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடலாம் என்ற தோற்றம். 2023 டிசம்பர் 7 அன்று வந்தது, அந்த உலகம் அதில் இல்லை. நாலாவது நாள் ஸ்டுடியோவே மூடப்படுவதாக அறிவித்தது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது.

நான் இப்போதெல்லாம் டிரெய்லரை வைத்து எதைத் தேட வேண்டும் என்று மட்டும்தான் முடிவு செய்கிறேன். வாங்குவது டெமோ (கேமின் மாதிரிப் பகுதி) ஆடிய பிறகு. ஸ்டீமில் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற விழா நடக்கிற நாட்களில் வரப்போகிற கேம்களின் டெமோக்கள் குவியும், இலவசம். டெமோ இல்லையென்றால், ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வெட்டாத பதினைந்து நிமிஷ ஆட்டத்தை வெளியிடுகிற சின்ன ஸ்டுடியோவை, ரெண்டு நிமிஷம் மின்னுகிற பெரிய டிரெய்லரைவிட நான் அதிகம் நம்புவேன்.

பிழைதேடி எழுதியது:

ஒரு திருத்தம். அந்த 2 மணி நேரக் கணக்கை ஸ்டுடியோக்களும் தெரிந்து வைத்திருக்கின்றன. முதல் 2 மணி நேரம்தான் பல கேம்களில் அதிகம் மெருகேற்றப்பட்ட பகுதி. எங்களிடம் வருகிற பிழைப் பட்டியலிலேயே தொடக்கப் பகுதிக்கு முன்னுரிமை.

மல்லிகா_ர எழுதியது:

சினிமாவுக்கு அந்த 2 மணி நேர வசதிகூடக் கிடையாதே. பாதியில் எழுந்து போய் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அதனால்தான் சொல்கிறேன் இருட்டறை, படத்துக்குத்தான் டிரெய்லர் அதிகம் தேவை, கேமுக்கு இல்லை. நீங்கள் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இருட்டறை எழுதியது:

முதல் டீசர் வரைக்கும் பார்க்கிறேன். அதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.